காயலான் கடைச் சரக்கில் வண்டிப் பாகம்: எதைச் செய்யலாம், எப்படிச் செய்வது

உடைந்த பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதே தடிமன், அதே நீளம் என்று உருவத்துக்குப் பொருத்தமான சாமானைத் தேடுவதுதான் பலரும் செய்வது. ரேடியேட்டர் ஹோஸுக்குள் அளவாக நுழையும் பிவிசி குழாய் எங்கும் கிடைக்கும். மாட்டினால் கச்சிதமாக நிற்கும். எஞ்சின் சூடேறித் தண்ணீர் 90 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் கிளாம்புக்கு அடியில் அது நசுங்கும், மொத்தத் தண்ணீரும் ரோட்டில் போகும். பிவிசி 80 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும் பொருள். அதே இடத்தில் ஒரு துண்டுச் செம்புக் குழாய் வருஷக்கணக்கில் தாங்கும்.

கியூபாவில் 1950களின் அமெரிக்கக் கார்கள் இன்னும் ஓடுகின்றன. 1962 முதல் அமெரிக்காவின் வர்த்தகத் தடை இருப்பதால் அவற்றுக்கு அசல் பாகம் வாங்க வழியில்லாமல் போனது. எஞ்சின் மூடியைத் திறந்தால் பலவற்றுக்குள் லாடா, வோல்கா போன்ற சோவியத் கார்களின் எஞ்சின் இருக்கும். பாகத்தின் பெயரையும் உருவத்தையும் விட்டுவிட்டு, அது செய்யும் வேலையைப் பிடித்துக்கொண்டால்தான் இந்தத் தொழில் கைக்கு வரும். கீழே வருவதெல்லாம் அந்த வழியில்தான்.

படி 1: தொடக்கூடாததை முதலில் ஒதுக்குங்கள்

பிரேக், ஸ்டீரிங், சக்கர போல்ட், சஸ்பென்ஷன் மூட்டுகள், சீட் பெல்ட், ஏர்பேக். இவற்றில் கைவேலை கிடையாது. பிரேக் கேபிள் முனையை வேறு எதையாவது வைத்து இறுக்கினாலும் கையால் இழுத்துப் பார்க்கும்போது நன்றாகத்தான் நிற்கும். அவசரத்தில் முழு பலத்தோடு மிதிக்கும் அந்த ஒரு தடவைதான் கழன்று வரும். காயலான் கடையில் வெடிக்காத ஏர்பேக் கிடந்தால் அதைப் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே வெடிமருந்து இருக்கிறது.

பெட்ரோல் டேங்க்கும் இந்தப் பட்டியலில்தான் வருகிறது. காலி டேங்க் ஆபத்தில்லை என்று நினைத்து வெல்டிங் வைப்பவர்கள் உண்டு. நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் மோசம், ஏனென்றால் உள்ளே ஆவியும் காற்றும் கலந்து பற்றத் தயாராக இருக்கும். இன்ஜெக்ஷன் வண்டியின் (பெட்ரோலை அழுத்திப் பீய்ச்சும் வகை) பெட்ரோல் லைனில் அழுத்தமும் சேர்ந்துகொள்கிறது. அதற்கு அதற்கென்றே விற்கும் ஹோஸ், அதற்கான கிளாம்ப் மட்டும்தான்.

இன்னொரு எச்சரிக்கை பழைய வண்டிகளுக்கு. பழைய பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், சைலன்சர் பேக்கிங் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அவற்றை உலர்வாகத் தேய்க்காதீர்கள், காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். ஈரத் துணியால் துடைத்துத் துணியையும் சேர்த்துக் கட்டிப் போட்டுவிடுங்கள்.

படி 2: பழைய பாகத்தை விசாரியுங்கள்

போன பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். அதுதான் அளவுக்கு மாதிரி, காரணத்துக்குச் சாட்சி. அது எவ்வளவு சூட்டில் இருக்கிறது? எதில் நனைகிறது: தண்ணீரா, ஆயிலா, பெட்ரோலா? அதை எது இழுக்கிறது, எது அதிர வைக்கிறது? கடைசியாக, ஓடும்போது அது போனால் என்ன ஆகும்? "சத்தம் வரும்", "தண்ணீர் ஒழுகும்", "வண்டி நின்றுவிடும்" என்பவை பரவாயில்லை. "நிற்காது", "திரும்பாது", "பற்றிக்கொள்ளும்" என்று பதில் வந்தால் படி 1-க்குப் போய்விடுங்கள்.

உடைந்த விதமும் சேதி சொல்லும். ரப்பர் வெடித்துக் காய்ந்திருந்தால் சூடும் வயதும் காரணம். கொழகொழவென்று ஊதியிருந்தால் ஆயில் எங்கிருந்தோ ஒழுகுகிறது, அதை நிறுத்தாமல் புது ரப்பர் போட்டுப் பிரயோஜனமில்லை. பிராக்கெட் ஒரே கோட்டில் வெடித்திருந்தால் அதிர்வு. அங்கே அதைவிடத் தடிமனான பட்டை போடுவதைவிட, நடுவில் ஒரு ரப்பர் வாஷர் கொடுப்பதுதான் உதவும்.

படி 3: எந்தக் கழிவு எதற்கு

சாமானை முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்தால் அவசரத்தில் தப்பான பொருளுக்குக் கை போகாது.

சைக்கிள், பைக், கார்களின் பழைய ட்யூப் தண்ணீருக்கும் காற்றுக்கும் நல்லது. ஆயிலும் பெட்ரோலும் பட்டால் ஊதி உதவாமல் போகும். சந்தேகம் இருக்கும் எந்த ரப்பரையும் ஒரு சின்னத் துண்டு வெட்டி, ஒரு ராத்திரி மூடிய பாட்டிலில் பெட்ரோலிலோ ஆயிலிலோ போட்டு வையுங்கள். காலையில் வெட்டாத ரப்பரோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஊதியிருப்பது தெரிந்துவிடும். இந்த ஒரு சோதனையைச் செய்யச் சோம்பல்படுபவர்கள் ரப்பர் வேலையில் இறங்காமல் இருப்பதே நல்லது.

டயரின் பக்கச்சுவர் அருமையான சரக்கு. உள்ளே துணி இழை இருப்பதால் கிழியாது, வளையும். சைலன்சரின் வால் பக்கத்தைத் தொங்கவிடும் பட்டை, மட்கார்டு ஃபிளாப், பேட்டரிக்கு அடியில் போடும் மெத்தை எல்லாம் இதிலேயே வரும். ரோட்டில் படும் பகுதியை வெட்டப் போகாதீர்கள். ரேடியல் டயரில் அங்கே எஃகு வலை இருக்கிறது, கத்தியும் போகும் கையும் போகும். பக்கச்சுவரிலும் எஃகு இழை உள்ள டயர்கள் உண்டு. லாரி டயரில் அது சகஜம், ஆகவே கார் டயராக எடுங்கள்.

அலுமினிய பான டப்பாவின் சுவர் சுமார் 0.1 மி.மீ. தடிமன். இதைவிட மலிவான ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) கிடையாது. இரண்டு மடிப்பு 0.2, மூன்று மடிப்பு 0.3 என்று கணக்கு வைத்து, ஆடும் பிராக்கெட்டையோ தொளதொள கிளாம்பையோ சரி செய்யலாம். தகர டப்பா வேறு வகை. அது எஃகு, சூடு தாங்கும், சைலன்சர் ஓட்டைக்கு ஆகும்.

எச்டிபிஇ என்ற பிளாஸ்டிக்கில் செய்த காய் நறுக்கும் பலகையும், நீல நிற டிரம்மும் வழுக்கலான, உடையாத பொருள். புஷ் (பின்னுக்கும் துளைக்கும் நடுவில் வரும் வளையம்), செயின் தேயும் கட்டை, வீல் உள்ளே மண் தடுக்கும் தட்டு ஆகியவற்றுக்கு ஏற்றது. 130 டிகிரியில் உருகிவிடும் என்பதால் சைலன்சருக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

போல்ட் எடுக்கும்போது தலையைப் பாருங்கள். 8.8, 10.9 என்று பொறித்திருந்தால் அது பலத்தின் தரம். எண்ணே இல்லாத போல்டை, எண் உள்ள போல்ட் இருந்த இடத்தில் போடக்கூடாது. மரையின் இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டும். கையால் மூன்று நான்கு சுற்றுப் போகாத போல்டை ஸ்பானரால் திணித்தால் எஞ்சினில் உள்ள மரைதான் போகும்.

பேக்கிங் வெட்டுவது

பேக்கிங் என்பது இரண்டு பாகங்களுக்கு நடுவில் ஒழுகாமல் அடைக்கும் மெல்லிய தகடு அல்லது அட்டை. கையால் செய்வதில் இதுதான் எனக்குப் பிடித்த வேலை, இதில்தான் வெற்றியும் நிச்சயம். கிளட்ச் கவர், டைமிங் கவர், தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட் கூடு ஆகியவற்றின் பேப்பர் பேக்கிங்கை நோட்டு அட்டையிலோ ஃபைல் அட்டையிலோ வெட்டிவிடலாம். ஹெட் பேக்கிங்கும் சைலன்சர் பேக்கிங்கும் இந்தக் கணக்கில் வராது.

முதலில் தடிமன். பழைய பேக்கிங்கில் போல்டுக்கு அடியில் நசுங்காத ஓரத் துண்டைத் தேடி வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 0.5 மி.மீ. பக்கம் இருக்கும். ஆயில் பம்ப் மூடி, சிலிண்டருக்கு அடியில் வரும் பேக்கிங் போன்ற சில இடங்களில் இந்தத் தடிமன்தான் உள்ளே இருக்கும் இடைவெளியையே தீர்மானிக்கிறது. அங்கே அதே தடிமன் கிடைத்தால் செய்யுங்கள், இல்லையென்றால் அசலுக்குக் காத்திருங்கள். அட்டையின் மேல் பளபளப்பான பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் உரித்துவிட வேண்டும். அந்தப் பூச்சு வழியாகத்தான் ஒழுகும்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது எஃகுக் கத்தி அலுமினியத்தில் கோடு போட்டுவிடும். அந்தக் கோடே பிறகு ஒழுகும் வாய்க்கால். நறுக்கும் பலகைத் துண்டை உளி மாதிரி சீவி அதால் சுரண்டுங்கள். விடாப்பிடியாக ஒட்டியிருப்பதைத் தின்னரில் நனைத்த துணியைப் போட்டு ஊற விடுங்கள்.

இப்போது அட்டையைக் கவரின் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஒரு போல்ட் துளையின் விளிம்பில் மெதுவாகத் தட்டுங்கள். அடிக்க வேண்டாம், தட்டினால் போதும். விளிம்பு அட்டையில் வட்டமாகப் பதியும், இன்னும் நாலு தட்டில் துளையே விழுந்துவிடும். அந்தத் துளையில் ஒரு போல்டைச் செருகிக்கொண்டு, குறுக்கே எதிர்மூலையில் இருக்கும் துளையைத் தட்டுங்கள். இரண்டு போல்ட் நின்றுவிட்டால் அட்டை இனி நகராது. மற்றத் துளைகளையும், டோவல் பின் (கவரைச் சரியான இடத்தில் நிறுத்தும் குச்சி) இருந்தால் அதற்கான துளையையும் அப்புறம் போடலாம். கவரின் விளிம்பு மெல்லிசாக இருந்தால் சுத்தியலே வேண்டாம். விளிம்பில் கொஞ்சம் கிரீஸ் அழுக்கைத் தடவி அட்டையை அழுத்தினால் அச்சு விழும், கத்தரியால் வெட்டிக்கொள்ளலாம். துளை போடுவதற்கு, சரியான விட்டமுள்ள இரும்புக் குழாய்த் துண்டின் வாயை அரத்தால் கூர்மையாக்கி, அட்டையை மரக்கட்டை மேல் வைத்து ஒரே போடு போட்டால் சுத்தமாக வரும்.

மாட்டுவதற்கு முன் பழைய பேக்கிங்கையும் புதியதையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஆயில் போகும் சின்னத் துளை ஒன்றை அட்டை மூடியிருந்தால் இப்போதே தெரியும். மாட்டிய பிறகு தெரிவதென்றால் எஞ்சின் காய்ந்துதான் தெரியும்.

ஆயில் பக்கம் போவதை எஞ்சின் ஆயிலில் அரை மணி ஊற வையுங்கள். தண்ணீர் பக்கம் போவதற்கு இரண்டு பக்கமும் மெல்லிய சீலன்ட் பூச்சு. மெல்லிய என்றால், போல்டை இறுக்கும்போது உள்பக்கம் புழு மாதிரி பிதுங்காத அளவு. பிதுங்கியது அறுந்து போய் ஆயிலை வடிகட்டும் வலையை அடைக்கும். வீட்டுச் சன்னலுக்குப் போடும், புளிப்பு வாடை அடிக்கும் சிலிகான் இதற்கு ஆகாது, அந்த அமிலம் உலோகத்தை அரிக்கும். போல்டுகளைக் குறுக்கு நெடுக்காக, இரண்டு மூன்று தவணையில் இறுக்குங்கள். எஞ்சினைச் சூடாக்கி, முழுக்க ஆறிய பிறகு ஒரு தடவை சரிபாருங்கள். அட்டை கொஞ்சம் அமுங்கியிருக்கும்.

ஹோஸ் போனால்

ரேடியேட்டர் ஹோஸ் நடுவில் வெடித்தால், கெட்ட பகுதியை வெட்டிவிட்டு, உள்விட்டத்துக்குச் சரியான செம்பு அல்லது இரும்புக் குழாய்த் துண்டைச் செருகி இரண்டு பக்கமும் கிளாம்ப் போடலாம். குழாயின் வெட்டிய விளிம்பை அரத்தால் மழுக்காவிட்டால் அது ஹோஸை உள்ளிருந்து அறுக்கும். குழாய் கிடைக்காத இடத்தில், வீடு போய்ச் சேர்வதற்கு மட்டும், பழைய ட்யூபை இரண்டு விரல் அகலப் பட்டையாக வெட்டி, நன்றாக இழுத்து இழுத்து ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றுங்கள். கட்டு பலமாக இருப்பது அந்த இழுவையால்தான்.

ரேடியேட்டர் மூடி இறுகியிருந்தால் கூலிங் சிஸ்டத்தில் சுமார் 1 பார் அழுத்தம் ஏறும். ட்யூப் கட்டு அதைத் தாங்காது. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியை முதல் பூட்டு வரை மட்டும் தளர்த்தி விட்டால் அழுத்தம் ஏறாது. ஆனால் அழுத்தம் இல்லாத தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் மெதுவாக ஓட்டி, சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தி நிறுத்திப் போக வேண்டும். சூடான மூடியைத் தொடவே கூடாது. ஹீட்டர் ஹோஸ் போனதென்றால் கவலையே இல்லை: போகும் வாயையும் வரும் வாயையும் ஒரே ஹோஸ் துண்டால் இணைத்துவிடுங்கள், ஹீட்டர் மட்டும் வேலை செய்யாது.

சைலன்சர் ஓட்டை

தகர டப்பாவை இரு முனையும் வெட்டித் தகடாக விரித்து, உள்பூச்சை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். இல்லாவிட்டால் அது எரிந்து நாறும். துருவைத் தட்டி நல்ல உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்து, எக்ஸாஸ்ட் பேஸ்ட் தடவி, தகட்டை ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, இரண்டு முனையிலும் ஸ்குரூவால் இறுக்கும் வளையக் கிளாம்ப் போடுங்கள். ஜிங்க் பூசிய தகட்டை வெல்டிங் வைக்காதீர்கள், அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும்.

ஓட்டை எங்கே என்பது முக்கியம். வால் பக்கம் என்றால் இந்தக் கட்டு மாதக்கணக்கில் தாங்கும். எஞ்சினுக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்கும் (புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளப்பது) நடுவில் என்றால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, சென்சார் ஏமாந்து, பெட்ரோல் கூடுதலாகப் போகும். காரில் ஆள் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே என்றால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். அதற்கு வாசனை கிடையாது. அந்த இடத்தில் கட்டுப் போட்டு ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கேபிளும் புஷ்ஷும்

கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிளின் முனைக் குண்டு அறுந்தால், வீட்டு ஒயரிங்கில் வரும் பிளாஸ்டிக் கனெக்டரை உடைத்து உள்ளே இருக்கும் பித்தளைத் துண்டை எடுங்கள். இரண்டு ஸ்குரூ உள்ள அதில் கம்பியைச் செருகி இறுக்கினால் குண்டு தயார். சைக்கிள் பிரேக் கேபிளின் உள்கம்பி ஏறக்குறைய 1.5 மி.மீ. இருக்கும். ஆக்சிலேட்டருக்கும் சோக்குக்கும் அது போதும், கிளட்ச்சின் இழுவைக்குப் போதாது. ஆக்சிலேட்டரில் எது செய்தாலும், எஞ்சினை அணைத்துவிட்டு முறுக்கி விட்டுப் பாருங்கள்: ஹேண்டில் இடது கோடியில், நடுவில், வலது கோடியில், மூன்றிலும் தானாகப் பட்டென்று திரும்ப வேண்டும். எங்காவது தயங்கினால் ஓட்டக்கூடாது.

வைப்பர் லிங்க், கியர் லிங்க் ஆகியவற்றின் பிளாஸ்டிக் புஷ் உடைந்து கம்பி தொங்குவது சகஜம். பெட்ரோல் ஹோஸில் ஒரு வளையம் வெட்டி, பின்னின் மேல் ஏற்றி, ஒரு வாஷரும் பிளவுப் பின்னும் போட்டால் அசலைவிடச் சத்தம் குறைவாக ஓடும். இன்னும் இறுக்கமாக வேண்டுமென்றால் நறுக்கும் பலகையில் துளை போட்டு அரத்தால் உருட்டிக்கொள்ளுங்கள். துளையைப் பின்னைவிட ஒரு முடி சிறியதாகப் போடுங்கள், பலகை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

பம்பர், சைடு பேனல், டூம் (ஹெட்லைட் மூடி)

பிளாஸ்டிக்கின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தால் அதன் பெயர் அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக் என்றால் அதிர்ஷ்டம். உடைந்த ஏபிஎஸ் துண்டுகளை, பழைய கம்ப்யூட்டர் கீபோர்டின் மூடியானாலும் சரி, நொறுக்கிக் கண்ணாடிப் பாட்டிலில் அசிட்டோனில் ஊற வைத்தால் மறுநாள் கூழாகிவிடும். வெடிப்பின் முனையில் முதலில் 3 மி.மீ. துளை போடுங்கள், அப்போதுதான் வெடிப்பு ஓடாது. பின்பக்கம் கூழைத் தடவி, மெல்லிய கம்பி வலையைப் பதித்து, மேலே இன்னொரு பூச்சு. முழுக்கக் காய ஒரு நாளாவது விடுங்கள்.

பிபி (பாலிபுரொப்பிலீன்) என்றால் அசிட்டோன் ஒன்றும் செய்யாது, பசையும் ஒட்டாது. சூட்டுக்கோலால் (சால்டரிங் அயர்ன்) அதே பிபி துண்டை உருக்கித்தான் சேர்க்க வேண்டும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட டப்பாக்கள் பிபி. 2 என்று போட்டது எச்டிபிஇ, இரண்டும் ஒன்றோடொன்று பிடிக்காது. அச்சு அழிந்திருந்தால் ஒரு துணுக்கைத் தண்ணீரில் போடுங்கள்: மிதந்தால் பிபி வகை, மூழ்கினால் ஏபிஎஸ்ஸாக இருக்கலாம். "இருக்கலாம்" என்பதற்குக் காரணம் உண்டு. டால்க் பவுடர் கலந்த பிபியும் மூழ்கும். பெயருக்குப் பின்னால் டி20 மாதிரி போட்டிருப்பது அதுதான். ஒரு சொட்டு அசிட்டோன் வைத்துத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுத்தால் ஏபிஎஸ்.

ஒயரிங்

பழைய வண்டிகளிலிருந்து எடுக்க வேண்டிய முதல் சரக்கு ரிலே, அதாவது சின்னக் கரன்டால் பெரிய கரன்டைத் திறந்து மூடும் சுவிட்ச். கால்களில் 30, 85, 86, 87 என்று எண் போட்ட 12 வோல்ட் ரிலே பெரும்பாலான கம்பெனி வண்டிகளில் ஒன்றுதான்: 85-86 சுருள், 30-ல் கரன்ட் வந்து 87-ல் போகும். ஆம்பியர் அளவை மட்டும் மேலே படித்துக்கொள்ளுங்கள். வீட்டு ஒற்றைக் கம்பி ஒயரை வண்டியில் போடாதீர்கள், அதிர்வில் முறிந்துவிடும். பல இழை ஒயர்தான் வேண்டும்.

ஃபியூஸ் இருந்த இடத்தில் சிகரெட் பெட்டிக் காகிதமோ கம்பியோ வைப்பது வண்டியைக் கொளுத்தும் வழி. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. அதே எண்ணில் ஃபியூஸ் இல்லையென்றால் சிறிய எண்ணைப் போடலாம், பெரியதைப் போடக்கூடாது. 55 வாட் ஹெட்லைட் ஒன்று 4.6 ஆம்பியர் வாக்கில் இழுக்கும், எது போதும் என்பதை இப்படியே வாட்டை 12 ஆல் வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசிப் படி: ஓட்டிப் பார்ப்பது

நின்ற இடத்தில் எஞ்சினைச் சூடாக்கி, கீழே ஒரு வெள்ளை அட்டையைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். சொட்டு விழுந்தால் இடமும் நிறமும் தெரியும். சரியாக இருந்தால் பக்கத்தில் ஒரு சுற்று, திரும்பி வந்து ஆறவிட்டு எல்லாக் கிளாம்பையும் போல்டையும் மறுபடி தொட்டுப் பாருங்கள். போல்டின் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்தால், அடுத்த தடவை குனிந்து பார்த்தாலே தளர்ந்ததா என்று தெரியும். இந்தப் பரிசோதனை முதல் வாரம் தினமும், அப்புறம் ஆயில் மாற்றும்போதெல்லாம்.

செய்ததைத் தேதியோடு ஒரு துண்டு டேப்பில் எழுதி எஞ்சின் மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்: எந்தப் பாகம், எந்தப் பொருள், தற்காலிகமா நிரந்தரமா. அடுத்து வண்டியைத் திறக்கும் மெக்கானிக், ரேடியேட்டர் மூடியைத் தளர்த்தி வைத்த காரணம் தெரியாமல் இறுக்கிவிட்டுப் போகாமல் இருப்பார்.